பாட்டு வருகிறது, பேச்சு மட்டும் சரியில்லை: கார் செட்டை மாற்றத்தான் வேண்டுமா?

நீங்கள் எழுதியதை ஒருமுறை திரும்பச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். 2018இல் வாங்கிய சின்ன கார், கம்பெனியே பொருத்திக் கொடுத்த ஸ்டீரியோ. தினமும் வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்குப் போய் வருகிறீர்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் புது ஆண்ட்ராய்டு போன் வாங்கினீர்கள். அதிலிருந்து காரில் பேசினால், எதிரே இருப்பவர் "கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்கிறார். சில நேரம் அவர் பேசியது அவருக்கே திரும்பக் கேட்கிறது. சில காலைகளில் போன் தானாகச் சேருவதில்லை. ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் பேச்சு அறுந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, திரையில் பெயர்கள் கட்டம் கட்டமாக வருகின்றன. பாட்டு மட்டும் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. சர்வீஸ் சென்டரில் "செட்டையே மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். மாற்றவா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்குப் படுவது என்னவென்றால், கோளாறு போனிலா, செட்டிலா, இரண்டுக்கும் நடுவிலா என்பதைக் காசு கொடுப்பதற்கு முன்னால் எப்படிக் கண்டுபிடிப்பது என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள். இன்னொன்று, நீங்கள் ஐந்து தொல்லைகளை ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறீர்கள். புது போன் வந்த தேதி ஒன்றுதான் அவற்றுக்குப் பொது. மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் செட்டை மாற்றித் தீரக்கூடியது அதில் அநேகமாக ஒன்றுமே இல்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. 2006இல் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்து, கேசட் செட்டுகளைக் கழற்றி சிடி செட் மாட்டுவதில் ஆரம்பித்தேன். இப்போது மடிப்பாக்கத்தில் சொந்தமாகச் சின்ன ஒர்க்‌ஷாப். போன் மென்பொருள் என் துறை இல்லை, உங்கள் காரை நான் தொட்டுப் பார்க்கவும் இல்லை. அதனால் எது உறுதி, எது என் ஊகம் என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதலில் அந்தப் பாட்டு விஷயம். "பாட்டு நல்லா வருதே, அப்புறம் பேச்சு ஏன் வரலை?" என்று கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பார்கள். ப்ளூடூத் ஒரே இணைப்புபோலத் தெரிந்தாலும் உள்ளே வேலைகள் தனித்தனியாக ஓடுகின்றன. பாட்டு போவது ஏ2டிபி என்ற வழியில். பேச்சு போவது ஹெச்எஃப்பி என்கிற ஹேண்ட்ஸ்ஃப்ரீ வழியில். பெயரும் எண்ணும் வருவது பிபிஏபி என்ற மூன்றாவது வழியில். பாட்டு ஒருவழிப் பாதை: போனிலிருந்து காருக்கு. கொஞ்சத்தை முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் செட் பாடுகிறது. வழியில் ஏதாவது தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ள நேரம் இருக்கிறது, நமக்குத் தெரியவே தெரியாது. பேச்சில் அந்த அவகாசம் மிகக் குறைவு, அந்தந்த நொடியிலேயே போய்ச் சேர வேண்டும். அதோடு பாட்டுக்குத் தேவையே இல்லாத ஒரு பொருள் பேச்சுக்கு வேண்டும். அதுதான் மைக்.

ஆகவே பாட்டு நன்றாக வருவது ஒன்றை உறுதியாகச் சொல்கிறது: செட்டின் ப்ளூடூத் ரேடியோ, ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், ஸ்பீக்கர் ஒயர் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. அதையெல்லாம் சேர்த்துத் தூக்கிப் போடச் சொல்கிறவரிடம் "எந்தப் பாகம் போயிருக்கிறது?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

குரலின் தரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய முறையில் காருக்கும் போனுக்கும் நடுவே பேச்சு நொடிக்கு 8,000 மாதிரிகளாகத்தான் (குரலை அளந்தெடுத்த துணுக்குகள்) போகும். லேண்ட்லைன் காலத்துக் குரல்போல மெல்லியதாக இருக்கும். 2011இல் வந்த ஹேண்ட்ஸ்ஃப்ரீ 1.6 பதிப்பில் அது 16,000 ஆக உயர்ந்தது. செட், போன் இரண்டுக்கும் அது தெரிந்திருந்தால்தான் பலன். உங்கள் செட் பழைய முறையில் மட்டும் பேசும் ரகமாக இருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த போன் வாங்கினாலும் காரில் குரல் அப்படித்தான் இருக்கும். ஆனால் அது தட்டையான குரல். கிணற்றுக் குரல் வேறு, எதிரொலி வேறு.

சரி, சோதனைக்கு வருவோம். காரை நிழலில் நிறுத்துங்கள். இன்ஜின் வேண்டாம், ஏசி வேண்டாம், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு செட்டை மட்டும் போடுங்கள். ஓட்டிக்கொண்டே சோதிக்காதீர்கள், பேச்சு அறுந்ததும் கை தானாகப் போனை எடுக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதல் என்ற கணக்கில் வருகிறது, முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். வீட்டில் ஒருவரை மாடியில் உட்காரவைத்து அவருக்கு அழைத்துப் பேசுங்கள். அவர் சொல்வது உங்களுக்குக் கேட்கிறதா, நீங்கள் சொல்வது அவருக்குக் கேட்கிறதா என்று இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டிலுள்ள வேறொரு போனை அதே காரில் சேர்த்து அதையே செய்யுங்கள். கடைசியாக உங்கள் போனை நண்பர் ஒருவருடைய காரில் சேர்த்துப் பாருங்கள். உங்கள் காரில் எந்தப் போன் வந்தாலும் கிணற்றுக் குரல் என்றால் கோளாறு கார் பக்கம். உங்கள் போன் எந்தக் காருக்குப் போனாலும் அதே கதை என்றால் போன் பக்கம். தனித்தனியாக இரண்டும் நன்றாக இருந்து, சேரும்போது மட்டும் சண்டை என்றால் அது பொருத்தம் பார்க்காத ஜோடி. அதற்கு வைத்தியம் மென்பொருளில்தான் இருக்கிறது, ஸ்க்ரூடிரைவரில் இல்லை. இந்த அரை மணி நேர வேலையைச் செய்யாமல் கடைக்கு வந்தால் நாங்களும் இதைத்தான் முதலில் செய்வோம், அதற்குக் கூலியும் வாங்குவோம்.

கிணற்றுக் குரலில் என் சந்தேகம் மைக் மேல்தான். உறுதி என்று சொல்ல மாட்டேன், ஆனால் என் கைக்கு வந்த வண்டிகளில் "என் குரல் அவங்களுக்குக் கேக்கலை" என்ற புகார் பெரும்பாலும் அங்கேதான் போய் முடிந்திருக்கிறது. கம்பெனி செட்டுகளில் மைக் பெரும்பாலும் செட்டுக்குள் இருக்காது. பல கார்களில் டிரைவர் தலைக்கு மேலே, மேப் லைட்டை ஒட்டி, சின்னச் சின்ன ஓட்டைகளோ ஒரு சல்லடையோ தெரியும், அதற்குப் பின்னால் இருக்கும். சில கார்களில் ஸ்டீயரிங் பக்கம். கண்டுபிடித்ததும், பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே நகத்தால் அந்தச் சல்லடையை மெல்லத் தட்டுங்கள். மாடியில் இருப்பவருக்கு "டொக் டொக்" என்று காதைக் குத்துகிற மாதிரி கேட்க வேண்டும். தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவதுபோலக் கேட்டால் மைக் அடைத்திருக்கிறது அல்லது இடம் நகர்ந்திருக்கிறது. ஒன்றுமே கேட்கவில்லை என்றால் ஒயரோ மைக்கோ போயிருக்கிறது.

போன வருடம் ஒரு வண்டி வந்தது. நம் ஊர் வெயிலில் ரூஃப் துணிக்குப் பின்னால் இருக்கும் ஃபோம் பொடிந்து துணி தொங்கிப்போவது தெரியுமல்லவா, அந்த வண்டிக்குப் புதுத் துணி ஒட்டியிருந்தார்கள். அழகான வேலை, ஒரு சுருக்கம் இல்லை. மேப் லைட்டைக் கழற்றிப் பார்த்தால் மைக்கின் வாயில் பசை படிந்து, அதன் மேல் புதுத் துணியும் இழுத்து ஒட்டியிருந்தது. உரிமையாளர் அதற்குள் இரண்டு போன் மாற்றிவிட்டார். பிளேடு நுனியால் பசையைச் சுரண்டி எடுத்தேன், பத்து நிமிட வேலை. அதனால் உங்களைக் கேட்கிறேன்: இந்த இரண்டு மாதத்தில் போனைத் தவிர வேறு என்ன மாறியது? உள்ளே ஃபோம் அடித்துச் சுத்தம் செய்தீர்களா? ரூஃபில் ஏதாவது வேலை நடந்ததா? டேஷ் கேமரா மாட்டினீர்களா? புது போனின் மேல் பழி விழுகிற தேதியில்தான் வேறு ஏதோ நடந்திருக்கும்.

தட்டுச் சோதனையில் மைக் தேறிவிட்டால் ஏசியைப் போட்டு மறுபடி பேசுங்கள். முதலில் ஃபேன் 1இல், பிறகு 4இல். நடு வென்ட்டை மேல்நோக்கித் திருப்பி வைத்திருந்தால் காற்று கண்ணாடியிலும் ரூஃபிலும் மோதி நேராக மைக்குக்குப் போகும். நமக்கு அது இதமான குளிர்; எதிரில் இருப்பவருக்கு மெரினாவில் நின்று பேசுகிற இரைச்சல். இந்த இரைச்சலை அடக்கப் போய்தான் செட் உங்கள் குரலையும் சேர்த்து நசுக்கும். கிணற்றுக் குரலுக்கு இது ஒரு முக்கியமான காரணம். சென்னையில் வருடத்தில் முக்கால்வாசி நாள் ஃபேன் 3இலும் 4இலும்தானே ஓடுகிறது. வென்ட்டை மார்புக்கு நேராக இறக்குங்கள், காசு செலவே இல்லை.

மைக் போய்விட்டது என்று தெரிந்தால் மல்டிமீட்டர் வைத்திருக்கும் எந்த எலெக்ட்ரீஷியனும் மீதியைச் சொல்லிவிடுவார். இந்த மைக்குகள் வேலை செய்யச் செட்டிலிருந்து சில வோல்ட் வர வேண்டும். மைக் கப்ளரை (ஒயர்கள் சேரும் பிளாஸ்டிக் இணைப்பு) கழற்றி அங்கே வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் மைக்கை மாற்றினால் போதும். வரவில்லை என்றால் செட்டின் பின்புறக் கப்ளரில் பார்க்க வேண்டும். அங்கே வந்து மேலே வரவில்லை என்றால் நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது. செட்டிலேயே வரவில்லை என்றால்தான் செட் போர்டில் கோளாறு. அதையும்கூடப் போர்டு வேலை தெரிந்தவர் பல சமயம் சரிசெய்துவிடுவார். திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கம் வெளியில் நிற்கும் வண்டிகளில் கப்ளர் பின்கள் பச்சை பூத்துக் கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். கடல் காற்றின் வேலை. காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்துத் திரும்ப மாட்டினால் குரல் திரும்பிவிடும். வேளச்சேரி என்கிறீர்கள், அதனால் இன்னொன்றும் கேட்கிறேன்: 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வண்டிக்குள் தண்ணீர் ஏறியதா? சில ஐரோப்பியக் கார்களில் ப்ளூடூத் பெட்டியே முன்சீட்டுக்கு அடியில் இருக்கும், நனைந்தால் அதோடு சரி. உங்கள் ரகக் கார்களில் அப்படி இருக்காது என்றாலும், தரையோரம் போகும் ஒயர் கட்டுகளில் ஈரம் தங்கி மாதங்கள் கழித்துத் தொல்லை கொடுக்கும்.

அடுத்தது எதிரொலி. இதில் ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்: எதிரொலி கேட்கிறவர் பக்கம் கோளாறு இருப்பது அபூர்வம், அது மறுமுனையில் உண்டாவது. அவருடைய குரல் அவருக்கே திரும்புகிறது என்றால், அது உங்கள் கார் ஸ்பீக்கரிலிருந்து வெளியே வந்து உங்கள் மைக்குக்குள் புகுந்து திரும்பிப் போகிறது. இதைக் கழிப்பதற்கென்று செட்டுக்குள் ஒரு மென்பொருள் இருக்கிறது. ஸ்பீக்கருக்கு என்ன அனுப்பினோம் என்பது அதற்குத் தெரியும், மைக்கில் வருவதிலிருந்து அதைக் கழித்துவிடும். சத்தத்தை மிக அதிகமாக வைத்து ஸ்பீக்கர் கரகரக்க ஆரம்பித்தால் இந்தக் கணக்கு தப்பிவிடும். ஆகவே பேசிக்கொண்டிருக்கும்போதே வால்யூமைக் கால்வாசி குறைத்துப் பாருங்கள். பேச்சின் வால்யூமும் பாட்டின் வால்யூமும் வேறு வேறு. பேச்சு ஓடும்போது திருகினால்தான் அது மாறும். வெளியே தனியாக ஆம்ப்ளிஃபையரோ சவுண்ட் பிராசசரோ போட்டிருந்தால் அதனால் வரும் சிறு தாமதம்கூட இந்தக் கணக்கைக் குழப்பும். அப்படி இருந்தால் அதைத் தற்காலிகமாக விலக்கிவிட்டுச் சோதியுங்கள்.

புது போனுக்கும் எதிரொலிக்கும் சம்பந்தம் இருக்க முடியுமா? இருக்க முடியும், ஆனால் இது என் ஊகம். போனுக்குள்ளும் ஒரு எதிரொலி நீக்கி இருக்கிறது. "நான் பார்த்துக்கொள்கிறேன், நீ உன்னுடையதை நிறுத்து" என்று கார் செட் போனிடம் சொல்வதற்கு ஹேண்ட்ஸ்ஃப்ரீ விதிகளிலேயே ஒரு கட்டளை உண்டு. பழைய போன் அதற்குக் கட்டுப்படாமல் தன் பங்குக்குக் கழித்துக்கொண்டிருந்து, செட்டின் பலவீனம் வெளியே தெரியாமல் போயிருக்கலாம். புது போன் சொன்னபடி நிறுத்திவிட்டதால் இப்போது வெளியே தெரியலாம். இதைக் காதால் கேட்டுப் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு போனையும் அதே காரில், அதே வால்யூமில் வைத்து ஒப்பிட்டால் ஒரு குறிப்பு கிடைக்கும், அவ்வளவுதான்.

காலையில் தானாகச் சேராத தொல்லைக்கு வருவோம். முதன்முறை சேர்க்கும்போது போனும் செட்டும் ஒரு சாவியை உருவாக்கி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்கின்றன. ஒரு பக்கம் மட்டும் அழித்துவிட்டுத் திரும்பச் சேர்த்தால் மறுபக்கத்தில் பழைய பிரதி கிடந்து குழப்பும். அதனால் போனிலும் அழிக்க வேண்டும், செட்டிலும் அழிக்க வேண்டும், இரண்டையும் ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் புதிதாகச் சேர்க்க வேண்டும். செட்டின் பட்டியலில் பழைய போன், வீட்டில் எல்லோருடைய போன், எப்போதோ வந்த டிரைவர் போன் என்று எல்லாம் இருந்தால் அத்தனையையும் துடைத்துவிடுங்கள். பல செட்டுகளில் ஐந்து பேருக்குத்தான் இடம். சேர்க்கும்போது போனில் எட்டிப் பார்க்கும் அனுமதிப் பெட்டிகளை அவசரத்தில் மூடிவிடாதீர்கள். சேர்ந்த பிறகு போனின் ப்ளூடூத் பட்டியலில் கார் பெயருக்குப் பக்கத்திலுள்ள பல்சக்கரக் குறியைத் தொட்டால் அழைப்பு, மீடியா, தொடர்புகள் என்று தனித்தனி சுவிட்சுகள் இருக்கும். அழைப்பு சுவிட்ச் ஆஃபில் இருந்தால் பாட்டு ஓடும், பேச்சு மட்டும் போனிலேயே நிற்கும். கையில் ஸ்மார்ட் வாட்சோ, பையில் இயர்பட்ஸோ இருந்தால் அவையும் அழைப்பைப் பிடுங்கிக்கொள்ளும். இயர்பட்ஸ் பெட்டி சரியாக மூடாமல் பைக்குள் கிடந்து, அழைப்பு அங்கே போய்க்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். இத்தனைக்கும் மசியவில்லை என்றால் போனில் நெட்வொர்க் அமைப்புகளை மட்டும் ரீசெட் செய்யலாம். படங்கள், செய்திகள் போகாது. வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும், எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இதிலேயே பலரும் நினைக்காத ஒன்று இருக்கிறது. எல்லா நாளும் இல்லை, சில காலைகளில் மட்டும் என்கிறீர்கள். பேட்டரிக்கு எத்தனை வயது? சாவியைத் திருப்பியதும் செட் எழுந்து போனைத் தேடுகிறது. அதே நேரத்தில் நீங்கள் ஸ்டார்ட் செய்கிறீர்கள். ஸ்டார்ட்டர் இழுக்கும் அந்த ஒரு நொடியில் வயதான பேட்டரியின் வோல்ட் சட்டென்று இறங்கும், செட் ஒருமுறை செத்துப் பிழைக்கும். போன் அரைகுறையாகக் கைகொடுத்து விட்டுவிட்ட நிலையில் நின்றுவிடும். அடுத்த ஒரு வாரம் சாவியை ஆன் செய்து, திரையில் போன் பெயர் வரும்வரை பத்து நொடி பொறுத்துப் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். அந்த வாரம் முழுக்க ஒழுங்காகச் சேர்ந்தால் பேட்டரியைச் சோதிக்கக் கொடுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: செட்டை ரீசெட் செய்கிறேன் என்று பேட்டரி டெர்மினலைக் கழற்ற யாராவது வந்தால், ஸ்டீரியோ கோடு (செட்டைத் திறக்கும் ரகசிய எண்) கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில கம்பெனி செட்டுகள் பேட்டரி எடுத்தால் அதைக் கேட்கும். பல செட்டுகளில் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தாலே ரீபூட் ஆகிவிடும்.

ஓஎம்ஆரில் அறுவது ப்ளூடூத்தா, நெட்வொர்க்கா? இதைப் பிரிப்பது சுலபம். நெட்வொர்க் போனால் அழைப்பே முடிந்துவிடும். ப்ளூடூத் போனால் அழைப்பு முடியாது, குரல் காரை விட்டுப் போனின் காதுப் பக்கத்துக்குத் தாவிவிடும், திரையில் நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவரைத் திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். தினமும் அதே இடத்தில் அழைப்பு முடிகிறது என்றால் அது டவர் விவகாரம், காரில் எதைக் கழற்றியும் பலன் இல்லை. நிமிடக் கணக்கு ஓடுகிறது, காரில் மட்டும் சத்தம் இல்லை என்றால் காருக்குள் தேடுங்கள். ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில் 79 வாய்க்கால்களில் நொடிக்கு 1,600 தடவை தாவித் தாவிப் போகிறது. அதே அலைவரிசையில்தான் போனின் ஹாட்ஸ்பாட்டும் இருக்கக்கூடும். பின்சீட்டில் பிள்ளைகளின் டேப்லெட்டுக்கு ஹாட்ஸ்பாட் போட்டிருந்தால் அதை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். மலிவான சிகரெட் லைட்டர் சார்ஜர், டேஷ் கேமராவின் சார்ஜர் இரண்டையும் பிடுங்கிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். போன் பேன்ட் பின்பாக்கெட்டில் இருந்தால் நம் உடம்பே அந்த அலையைக் குடித்துவிடும். வெளியே எடுத்து வையுங்கள். சிக்னலில் சுற்றி நிற்கும் நூறு வண்டிகளின் ப்ளூடூத்தால் நம்முடையது அறுமா என்று கேட்பார்கள். ஒரு சில நொடி கரகரப்பு வரலாம், ஆனால் அது மட்டுமே காரணமாக இணைப்பு அறுந்ததை நான் உறுதியாகப் பார்த்ததில்லை.

கட்டம் கட்டமாக வரும் பெயர்களைப் பற்றிக் கவலையே வேண்டாம். போன் சரியாகத்தான் அனுப்புகிறது, செட்டில் தமிழ் எழுத்துரு இல்லை. புது போனில் பெயர்களைத் தமிழில் சேமிக்க ஆரம்பித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எண்ணிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்: அம்மாவுக்கு ஐந்து கட்டம், மாமாவுக்கு நாலு கட்டம். புள்ளிக்கும் காலுக்கும் கணினியில் தனித்தனிக் குறியீடு இருப்பதால் அவற்றுக்கும் ஆளுக்கொரு கட்டம். கார் கம்பெனியின் தளத்தில் உங்கள் செட்டுக்கு மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் பென் டிரைவில் இறக்கிப் போட்டுப் பார்க்கலாம். எழுத்துரு வந்தாலும் வரும், வராமலும் போகும். அடிக்கடி பேசும் பத்துப் பேருக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்துவிடுவது சுலபம். பெயரே வராமல் எண் மட்டும் வந்தால் அது வேறு கதை, தொடர்புகளுக்கான அனுமதி கொடுக்கப்படவில்லை.

இனி செட் மாற்றும் கேள்வி. ஆண்ட்ராய்டு ஆட்டோ உள்ள செட் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்லியிருப்பார்கள். வரைபடத்துக்கும் பாட்டுக்கும் அது அருமையான பொருள்தான். ஆனால் ஆண்ட்ராய்டு ஆட்டோவில் யுஎஸ்பி ஒயர் குத்தியிருந்தாலும் தொலைபேசிப் பேச்சு ப்ளூடூத் ஹேண்ட்ஸ்ஃப்ரீ வழியாகத்தான் போகிறது. புது செட்டைப் போட்டு அதே அடைபட்ட மைக்கை அதில் இணைத்துக் கொடுத்தால் கிணறு அப்படியே இருக்கும், பணம்தான் இருக்காது. வெளிக்கடை செட்டுகள் பலவற்றில் மைக் முகப்பிலேயே ஒரு குண்டூசி ஓட்டையாக இருக்கும், வாயிலிருந்து அது தூரம். கூடவே கொடுக்கும் வெளி மைக்கைப் போடச் சொல்லுங்கள், தனியாக வாங்கினாலும் சில நூறு ரூபாய்தான். அதன் ஒயரை முன்கண்ணாடியை ஒட்டிய தூண் (பில்லர்) வழியாகக் கொண்டுபோகும்போது, பக்கத் திரை ஏர்பேக் உள்ள காராக இருந்தால் ஏர்பேக் விரியும் பாதையில் ஒயர் குறுக்கே போகக் கூடாது. கம்பெனி ஒயரை வெட்டி டேப் சுற்றாமல், அந்தக் காருக்கான கப்ளர் வாங்கி மாட்டச் சொல்லுங்கள். வெட்டிய ஒயரோடு வாரன்டி, இன்ஷூரன்ஸ் பேச்சு வரும்போது வாய் திறக்க முடியாது.

எந்தப் போனைச் சேர்த்தாலும் அதே புகார், மைக்கும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, செட்டிலிருந்து மைக்குக்கு வோல்ட் வரவில்லை, போர்டு பார்க்கிறவரும் கையை விரித்துவிட்டார் என்றால் அப்போது செட்டை மாற்றுங்கள். உங்கள் காரில் அந்த இடத்துக்குப் போவதற்கு முன்னால் நகத்தால் தட்டிப் பார்க்க வேண்டிய சல்லடை ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் அதை முடித்துவிடுங்கள். டொக் டொக் எப்படிக் கேட்டது, ஏசி 4இல் என்ன ஆனது, இன்னொரு போனில் என்ன வந்தது என்ற மூன்றையும் எழுதினால் அடுத்து எந்தக் கப்ளரைக் கழற்றுவது என்று சொல்கிறேன்.